அட்சதை போட்ட கை

கேள்வி: பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ரிசர்ச் அசோசியேட்டாக இருக்கிறேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதியில் நடக்கும் திட்டம். மாதம் 58,000 ரூபாய். இப்போது எட்டாவது மாதம், முதல் குழந்தை. எங்கள் பேராசிரியர் எனக்கு அப்பா மாதிரி. வளைகாப்புக்குக்கூட வந்து அட்சதை போட்டார். மறுவாரம், "நீ ஊழியர் இல்லை, உதவித்தொகை வாங்கும் ஃபெலோ. மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு வா, பணம் கிடையாது" என்றார். பி.எஃப்., ஓய்வூதியம் எதுவும் இல்லை. என் நிலைதான் என்ன?

பதில்: பி.எஃப்., ஓய்வூதியம், போனஸ் எதுவும் உங்களுக்குக் கிடையாது. அதுவரை அவர் சொன்னது சரி.

போகிற போக்கில் 'அப்பா மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நிறைமாதத்தில் நிற்கும் மகளிடம் எந்த அப்பா இப்படிக் கணக்குப் பார்ப்பார்? உங்களைப் பெற்றவர் பார்த்தாரா? அட்சதை போட வர நேரம் இருந்தவருக்கு அரசு உத்தரவு ஒன்றைப் புரட்ட நேரம் இல்லை. அவரை விடுங்கள். முனைவர் பட்டம் வாங்கிய நீங்கள் ஏன் அதைத் தேடிப் படிக்கவில்லை? அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டீர்கள்.

அறிவியல் தொழில்நுட்பத் துறை 2019 ஜனவரியில் வெளியிட்ட உத்தரவில், இளநிலை ஆய்வாளர் முதல் ரிசர்ச் அசோசியேட் வரை எல்லோருக்கும் மத்திய அரசு விதிப்படி மகப்பேறு விடுப்பு உண்டு. அந்த விதியில் 180 நாள், சம்பளத்தோடு. ஊழியரா ஃபெலோவா என்ற வழக்கே இங்கு எழவில்லை. ஆறு மாதத்துக்கு 3,48,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. பேராசிரியரின் சட்டைப்பையிலிருந்தா வருகிறது? பிறக்கப்போகும் பிள்ளையின் பணம் அது. தாய்ப்பால் குடிக்க வேண்டிய மாதங்களும் அதற்கே சொந்தம். அதில் பாதியை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை. பிள்ளை விஷயத்தில் பெரியவர்களுக்கு அடங்கிப் போவதை நான் பண்பு என்று சொல்லமாட்டேன்.

இந்த வாரமே விண்ணப்பம் எழுதுங்கள். பிரசவத் தேதி குறித்த மருத்துவச் சான்றையும் அந்த உத்தரவின் நகலையும் இணைத்துப் பேராசிரியரிடம் கொடுங்கள். ஒரு நகலை நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 'பணிவுடன்' என்று ஒருமுறை எழுதினால் போதும்.