கோரி மீன்: ஒரு சாயங்காலக் கேள்வி பதில்

பெரம்பூர்ல என் வீட்டுக்குள்ள நாலு தொட்டி, அதுல மூணு கோரிடோராஸுக்கு, அதான் தொட்டி அடியில மேயுற சின்ன மீசை மீன், சுருக்கமா கோரி. பதினாறு வருஷத்துல வெண்கலக் கோரி, அல்பினோ, பாண்டா, ஸ்டெர்பாய்னு நாலு வகையும் வளர்த்திருக்கேன். அதைப் பத்திக் கேளுங்க. கடல் மீன், அரோவானா பக்கம் நான் போனதில்ல.

ஆவடி: அக்கா, 2 அடி தொட்டி, கலர் ஜல்லி, 3 கோரி. ஆறு மாசத்துல மீசை தேஞ்சு முளை மாதிரி ஆயிடுச்சு. என்ன மருந்து ஊத்தணும்?

மருந்து வேண்டாம் தம்பி, தரையை மாத்துங்க. கோரி சாப்பிடுறதைக் குனிஞ்சு பாருங்க. கண்ணு வரைக்கும் மூஞ்சியை மணல்ல புதைக்கும், ஒரு வாய் அள்ளும், ரெண்டு செவுள் வழியாவும் மணல் பொலபொலன்னு கொட்டும். புழு மட்டும் உள்ளே நின்னுடும். ஜல்லியில இது நடக்காது. தீனி கல் இடுக்குல விழுந்து அழுகும், அந்த அழுகல்லயே நாள் பூரா மீசையை விட்டுத் துழாவும்.

மணல்னு சொன்னதும் வீடு கட்டுற இடத்துலேருந்து எம்-சாண்ட் அள்ளிட்டு வந்துடாதீங்க. அது கருங்கல்லை உடைச்ச தூள், விரல்ல தேய்ச்சாலே குத்தும். மெரினா மணலும் ஆகாது, உப்பும் கிளிஞ்சலும். சந்தேகமா இருந்தா ஒரு பிடி மணல்ல வினிகர் ஊத்துங்க. நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. ஆத்து மணலைச் சலிச்சு, பக்கெட்ல கலங்கல் நிக்கிற வரைக்கும் அலசுங்க. எனக்குப் பத்துப் பன்னண்டு தடவை ஆகும், இடுப்பு போயிடும். ஒண்ணரை அங்குலம் போட்டாப் போதும். மீசையோட அடி மிச்சம் இருந்தா திரும்ப வளரும்.

மூணு கோரி பத்தாது, ஒரே வகையில குறைஞ்சது ஆறு வேணும். உங்க தொட்டி 24-12-12ன்னா 56 லிட்டர்தான், அதனால மத்த மீனைக் குறைச்சுக்கோங்க.

தாம்பரம்: கோரி விட்டா தொட்டி சுத்தமாயிடுமாமே? மீன் கழிவையும் தின்னுடுமா?

தின்னாது. அதுவும் கழிவு போடுற மீன்தான்.

கோவை: அடிக்கடி மேலே பாய்ஞ்சு காத்தைக் குடிச்சிட்டு இறங்குது. ஆக்ஸிஜன் குறைவா மேடம்?

ஒண்ணு ரெண்டு தடவைன்னா பயப்படாதீங்க. கோரி முழுங்குற காத்து குடலுக்குப் போகும், பின்குடல் சுவர்ல இருக்கிற ரத்தக்குழாய் அதுலேருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கும். மூடிக்குக் கீழே ரெண்டு அங்குலம் காத்துக்கு இடம் விடுங்க. எல்லா மீனும் மாத்தி மாத்தி ஓடுதுன்னா தண்ணியில கோளாறு. பாதி மாத்திட்டு அம்மோனியா பாருங்க.

கொளத்தூர்: மேடம், நான் அல்பினோ கோரி குஞ்சு எடுத்து விக்கிறவன். நாப்பது தொட்டி, எதுலயும் பொட்டு மணல் கிடையாது, வெறும் கண்ணாடி. மீசை ஒவ்வொண்ணும் நூல் மாதிரி நீளம். மணல் இல்லாட்டி மீசை போயிடும்னு ஆளாளுக்கு பயமுறுத்துறீங்க.

நீங்க தண்ணி எப்போ மாத்துறீங்க சார்?

கொளத்தூர்: தினமும் காலையில பாதி. அடியில ஒரு துரும்பு நிக்காது.

அதான் விஷயம். மீசையைத் தின்னுறது அழுக்கும் அதுல வளர்ற பாக்டீரியாவும். கூரான கல் கீறி வழி திறந்து விடும், அவ்வளவுதான். நீங்க சொல்றது வரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா ஆபீஸ் போயிட்டு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துற வீட்டுல நாப்பது தொட்டிக்காரர் கணக்கு செல்லாது.

ஆவடி: அப்போ நான் ஜல்லியை எடுக்கணுமா, வேண்டாமா?

எடுங்க தம்பி! நாங்க ரெண்டு பேரும் ஜல்லி நல்லதுன்னு சொல்லவே இல்லையே.

கொளத்தூர்: மணல் போட்டா அடியில கறுத்துப் போய் வாயு பிடிக்குது, அதையும் சொல்லுங்க.

நாலு அங்குலம் கொட்டினா பிடிக்கும். ஒண்ணரை அங்குலத்தைக் கோரியே கிளறி வெச்சுடும். சார், ஒரே ஒரு தொட்டியில ஒரு மூலைக்கு ஒரு தட்டு மணல் வெச்சுப் பாருங்க. பத்து நிமிஷத்துல எல்லாக் கோரியும் எங்கே நிக்குதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க.

வில்லிவாக்கம்: போன மே மாசம் பாண்டா அஞ்சும் செத்துடுச்சு. தண்ணி 32 டிகிரி.

பாண்டா பெருவுல ஆண்டிஸ் மலையடிவார ஆத்து மீன்மா, 22லேருந்து 25 வரைக்கும்தான் அதுக்கு சுகம். புள்ளிக் கோரி, அதான் பேலியாடஸ், இன்னும் குளிர் கேக்கும். டார்வின் பீகிள் கப்பல் பயணத்துல தென் அமெரிக்காவுலேருந்து கொண்டு போன மீன்கள்ல அதுவும் ஒண்ணு, 1842ல ஜெனின்ஸ்ங்கிற இயற்கை ஆய்வாளர் பேர் வெச்சார். நம்ம வெயிலுக்கு ஸ்டெர்பாய்தான் ஆள், 28 வரைக்கும் முகம் சுளிக்காது. மே மாசம் மூடியை எடுத்துட்டு வலை கட்டி, டேபிள் ஃபேனைத் தண்ணி மேல திருப்பி விடுங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். தண்ணி வேகமா வத்தும், ஊத்திக்கிட்டே இருக்கணும். ஐஸ் கட்டி போடாதீங்க.

திருவள்ளூர்: கோரி கழிவு தின்னுமா?

மேலே தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

ஆம்பூர்: கடையிலேருந்து எட்டு கோரி வாங்கி ஒரே கவர்ல கொண்டு வந்தேன். வீடு வர்றதுக்குள்ள எட்டும் மல்லாந்துடுச்சு, தண்ணியில நுரை.

எனக்கும் இதே நடந்திருக்கு, பன்னண்டு ஸ்டெர்பாய். கோரியோட பக்கத் துடுப்பு முள்ளுக்கிட்ட விஷச் சுரப்பி இருக்கு. துரத்திப் பிடிச்சு நெருக்கி அடைச்சா பயத்துல அதைக் கக்கும், சின்னக் கவர்ல அதுவே அதைக் கொன்னுடும். பிடிச்சதும் கடைக்காரர் பக்கெட்ல அரை மணி விடச் சொல்லுங்க, புதுத் தண்ணி மாத்தி, ரெண்டு ரெண்டா கட்டச் சொல்லுங்க. வலைக்குப் பதிலா கிண்ணத்துல மொள்ளுங்க. துடுப்பு முள் விறைச்சுப் பூட்டிக்கும், வலையில மாட்டினா இழுக்காம வலையை வெட்டுங்க. ஆஸ்கார் மாதிரி பெரிய வாய் மீனோட விடாதீங்கன்னு சொல்றதும் இதனாலதான். முழுங்கினா தொண்டையில குறுக்கே நின்னு ரெண்டும் சாகும்.

சேலம்: நோய் வராம இருக்க வாராவாரம் கல் உப்பு போடலாமா?

வேண்டாம். நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் ஒரு பிடி கல் உப்பு. கோரிக்கு அது மருந்தும் இல்ல, டானிக்கும் இல்ல.

திருச்சி: ரோஸ் கலர் கோரி கடையில பார்த்தேன், அழகா இருக்கு.

அல்பினோவுக்குச் சாயம் ஏத்தினது. வாங்காதீங்க. வாங்கினா இன்னும் பத்துக்கு ஏத்துவாங்க.

அண்ணா நகர்: கண்ணாடியில ஜவ்வரிசி மாதிரி ஒட்டியிருக்கு, முட்டையா அக்கா?

முட்டையேதான், வாழ்த்துகள்! மழை வந்த அன்னைக்குக் குளிர்ந்த தண்ணி மாத்தினீங்களா? அதுதான் அதுக்கு மணி அடிக்கிற மாதிரி. பொண்ணு ஆணோட வயித்துப் பக்கம் வாயை வெச்சு ‘டி’ எழுத்து மாதிரி நிக்கும். வெண்கலக் கோரியில அந்த நேரம் பொண்ணு விந்தைக் குடிக்குதுன்னு 1995ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. சாயத்தை ஆணோட துவாரத்துக்கிட்ட விட்டா, சில நொடியில பொண்ணோட குடல் வழியா வந்து, அடித்துடுப்பை மடக்கிப் பிடிச்சிருக்கிற முட்டை மேல இறங்குது. முட்டையை விரலால மெதுவா உருட்டி எடுங்க, உடையாது. வேற டப்பா, அதே தொட்டித் தண்ணி, காத்துக்கல், பூஞ்சை பிடிக்காம இருக்க ரெண்டு சொட்டு மெத்திலீன் புளூ மருந்து. வெள்ளையாப் பூத்ததை எடுத்துடுங்க. மூணு நாலு நாள்ல பொரிக்கும்.

மதுரை: பேரெல்லாம் மாத்திட்டாங்களாமே?

2024ல பெரிய கோரிடோராஸ் குடும்பத்தைப் பாகம் பிரிச்சாங்க. வெண்கலம் இப்போ ஆஸ்டியோகாஸ்டர், பாண்டா ஹோப்லிசோமா. கடையில கோரின்னே கேளுங்க.

போரூர்: தொட்டி கிளீன் பண்ண எத்தனை கோரி வாங்கணும்?

ஒரு ஓஸ் பைப், ஒரு பக்கெட். கோரி எண்ணிக்கை பூஜ்யம்.

கொளத்தூர்: மேடம், ரொட்டி டப்பா மூடியில மணல் வெச்சேன். இருபத்தி மூணும் அதுமேலதான் நிக்குது. தள்ளு முள்ளு. ஆனா குஞ்சுத் தொட்டிக்குப் போட மாட்டேன்.

குஞ்சுக்கு நானும் போட மாட்டேன் சார், தீனி மிச்சம் கண்ணுக்குத் தெரியணும்.

விருகம்பாக்கம்: என் பொண்ணு கேக்குறா, கோரி அவளைப் பார்த்துக் கண்ணடிக்குதாம். சும்மா சொல்றாளா?

இல்ல, சரியாத்தான் பார்த்திருக்கா. அதுக்கு இமை கிடையாது, கண்ணு முழியையே சட்டுன்னு கீழே சுழட்டிட்டு மேலே கொண்டு வரும். ராத்திரி விளக்கு அணைக்கிறதுக்கு முன்னாடி தீனி போட்டுட்டு, கண்ணாடிக்குப் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. ஸ்டெர்பாய் இருந்தா இன்னும் நல்லாத் தெரியும்.