கூட்டம் சேர்ந்தது, பழக்கம் சேரவில்லை

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் சித்தூர் வட்டாரத்தில் என்னைப் போலக் கணினித் துறையிலும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கிலும் இருப்பவர்கள் நிறையப் பேர் இருந்தும் ஒருவரையொருவர் தெரியாது. அதனால் தோழிகள் சிலர் சேர்ந்து பாலக்காட்டு ஓட்டல் ஒன்றில் இரண்டு நெட்வொர்க்கிங் கூட்டங்கள் நடத்தினோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் தெரிந்தவர்களோடே நின்று பேசிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். செலவை ஏற்ற பயிற்சி நிறுவனம் ஒரு மணி நேரம் தன் வகுப்புகளைப் பற்றியே பேசியது. அடுத்த கூட்டத்தைக் கோவையில் பெரிதாக நடத்தலாம் என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கோவைக்கு மாற்றினால் கூட்டம் பெருகும், உங்கள் குறை மட்டும் அப்படியே இருக்கும். பாதிப் பேர் வராததையும், ஸ்பான்சர் மேடையைப் பிடித்துக்கொண்டதையும் வரிசையாக எழுதிவிட்டு, வந்தவர்கள் தெரிந்தவர்களோடே நின்றுவிட்டார்கள் என்பதை நடுவில் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். என் கணக்கில் முதன்மையான பிரச்சினை அதுதான். மற்ற இரண்டையும் ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம்.

இது உங்கள் ஊர்க்காரர்களின் கூச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளியைச் சேர்ந்த பால் இங்கிராம், மைக்கேல் மோரிஸ் இருவரும் இதையே ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் தொழில்முனைவோரும் கலந்துகொண்ட ஒரு மாலை விருந்தில், யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை அவர்கள் அணிந்திருந்த சிறு மின்னணுக் கருவிகள் பதிவு செய்தன. புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று முன்கூட்டியே சொன்ன அதே மனிதர்கள், விருந்து தொடங்கியதும் ஏற்கெனவே பழகியவர்களைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். பேசிப் பழகுவதே தொழிலாக உள்ளவர்களின் நிலையே இதுவென்றால், நாள் முழுவதும் திரையைப் பார்த்து வேலை செய்யும் ஒரு டெவலப்பரை அறைக்குள் விட்டு, அவராகவே நான்கு பேரிடம் போய்க் கைகுலுக்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறிமுகப்படுத்துவது கூட்டம் நடத்துபவரின் வேலை. உங்கள் முதல் இரண்டு கூட்டங்களிலும் அந்த வேலையை யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் சங்கம் முதன்முறையாகக் கூடியது. ஆப்பிள் நிறுவனத்தைப் பின்னர் உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அந்த முதல் கூட்டத்திலேயே இருந்தார். சங்கம் வளர்ந்த பிறகு கூட்டங்களை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் நேரத்தை இரண்டாகப் பிரித்தார். முதற்பகுதியில், விரும்பியவர்கள் எழுந்து தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன வேண்டும், என்ன செய்தி கேள்விப்பட்டோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அவர் கையைக் காட்டி அடுத்தவரை எழுப்புவார். இரண்டாம் பகுதியில், யாருடைய பேச்சு தமக்குப் பயன்படும் என்று தோன்றியதோ அவரைத் தேடிப் போய்ப் பேச வேண்டியதுதான். இந்த முறையின் பயன் என்னவென்றால், எழுந்து அடுத்தவரிடம் போகும்போது பேச்சைத் தொடங்க ஒரு காரணம் கையில் இருக்கிறது. "எந்த கம்பெனி?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தடுமாறும் நிலை அங்கே வராது.

இதை உங்கள் ஊருக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரைமணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேசட்டும். என்ன வேலை, பிறருக்கு எதில் உதவ முடியும், தமக்கு என்ன தேவை என்ற மூன்றும் போதும். படித்த கல்லூரியும் பதவிப் பெயரும் தேவையில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்கு நிரல் எழுதும் ஒருவர், தரவுகளைத் திரையில் படமாக்கிக் காட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்பார். மீனாட்சிபுரத்தில் இளநீர் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருபவர், மலையாளத்தில் விளம்பரம் எழுத ஆள் தேடுவார். நீங்களும் உங்கள் தோழிகளும் ஒரு நோட்டில் இவற்றைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் குறிப்பைப் பார்த்து ஆட்களைச் சேர்த்துவைக்க வேண்டும். அறிமுகப்படுத்தும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "சார், நீங்க கேட்ட டாஷ்போர்டு வேலையை இவங்க மூணு வருஷமா பண்றாங்க." பிறகு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அறையின் அமைப்பும் முக்கியம். தன்னியல்பாகச் சேரும் உரையாடல் குழுக்கள் நான்கு பேருக்குமேல் நீடிப்பதில்லை, ஐந்தாமவர் சேர்ந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்று ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் 1995-ல் எழுதினார்கள். ஆகவே திருமண மண்டபத்தைப் போல நாற்காலிகளை வரிசையாகப் போடாதீர்கள். நான்கு நான்காகப் போட்டு, சுற்றி நடக்க இடம் விடுங்கள். நின்று பேசுகிறவர்களுக்கு மென்பொருள் மாநாடுகளில் பேக்-மேன் விதி என்று ஒன்று உண்டு. எரிக் ஹோல்ஷர் என்ற நிரலாளர் பரப்பியது. வட்டத்தை முழுதாக மூடாமல், வீடியோ கேமில் வரும் பேக்-மேனின் திறந்த வாயைப் போல, இன்னொருவர் வந்து சேர ஓர் ஆள் இடைவெளி விட்டே நிற்க வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பார்கள். எண்ணிக்கை 25-ஐத் தாண்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே அரைமணி நேரம் ஆகிவிடும்; அதற்குமேல் கேட்கும் பொறுமை யாருக்கும் இருக்காது.

இனி கோவை விஷயம். உங்கள் நண்பரின் யோசனையை நான் ஏற்காததற்குச் செலவு காரணமில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் செய்தியைத் தந்தவர் நெருங்கிய நண்பர் அல்லர், எப்போதாவது சந்திக்கும் ஒருவரே என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரும். உங்கள் வட்டாரத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு வீட்டுப் பிள்ளை உக்கடம் பேருந்து பிடித்துக் கோவைக்கு வேலைக்குப் போகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை கொச்சி இன்ஃபோபார்க், திருவனந்தபுரம் டெக்னோபார்க் போன்ற ஐ.டி. பூங்காக்களில் இருந்துகொண்டு வார இறுதியில் ஊருக்கு வருகிறது. கோவையில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்பது இரண்டாமவருக்குத் தெரியாது. புதிய தொழில்களுக்கான கேரள அரசு அமைப்பான கேரள ஸ்டார்ட்அப் மிஷன் என்ன உதவி அளிக்கிறது என்பது முதலாமவருக்குத் தெரியாது. இந்த இரு வட்டங்களும் ஓர் அறையில் சந்திக்க வாய்ப்புள்ள இடம் கொழிஞ்சாம்பாறையும் வேலந்தாவளமும் சித்தூரும்தான். கோவையில் நடத்தினால் அங்கே ஏற்கெனவே நடக்கும் பல கூட்டங்களோடு இன்னொன்று சேரும். கொச்சியிலிருந்து வந்தவர் சனிக்கிழமை மாலை மறுபடியும் மாநில எல்லை தாண்டிக் கோவைக்குப் போகமாட்டார்.

ஓட்டலையும் விட்டுவிடலாம். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குச் சிறு அரங்கும் உண்டு. பள்ளி வகுப்பறை கிடைத்தாலும் போதும். ஒலிபெருக்கி, புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். புரொஜெக்டர் இருந்தால் யாராவது ஸ்லைடோடு வந்துவிடுவார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியுங்கள். எல்லைக் கிராமங்களுக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பதை விசாரித்துக்கொண்டு நேரம் குறிப்பது, பெண்களின் வருகையை நேரடியாகக் கூட்டும். இதை நீங்களே நன்றாக அறிவீர்கள்.

தேதி குறிக்கும்போது இரண்டு நாட்காட்டிகளையும் விரித்து வையுங்கள். உங்கள் ஊரில் பொங்கலுக்கும் ஆள் கிடைக்காது, ஓணத்துக்கும் கிடைக்காது. ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டில் கல்பாத்தித் தேர்த் திருவிழா இருக்கிறது. சித்தூரில் கொங்கன்படை நடக்கும் நாளில் கோவைக்காரர்களைக் கூப்பிடுவது, கொங்குப் படையை விரட்டியதாகக் கொண்டாடும் விழா அது என்பதால், கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும்! மாதத்தின் இரண்டாம் சனி என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால், திருவிழா மாதங்களில் தவிர, அதை மாற்றாதீர்கள். லண்டனில் 1998-ல் இணையத் தொழில்முனைவோருக்காகத் தொடங்கிய ஒரு கூட்டம் ஃபர்ஸ்ட் டியூஸ்டே (முதல் செவ்வாய்) என்று தன் நாளையே பெயராக வைத்துக்கொண்டது. அடுத்தது எப்போது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் செய்த இன்னொன்று, வந்தவர் தொழில்முனைவோரா, முதலீட்டாளரா, சேவை விற்பவரா என்பது தூரத்திலிருந்தே தெரியும்படி பெயர் அட்டையில் நிறம் வைத்தது. நீங்களும் செய்யலாம், ஆனால் "வேலை தேடுபவர்" என்று ஒரு நிறம் மட்டும் வேண்டாம். அதே அறையில் அவருடைய மேலாளரின் மைத்துனர் இருப்பார். நம் ஊர்கள் அவ்வளவு சிறியவை. வேலை தேடுபவர்கள் உங்களிடம் தனியாகச் சொல்லட்டும்.

மொழி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் தமிழும், பள்ளியில் மலையாளமும், அலுவலகத்தில் ஆங்கிலமுமாக வாழும் பகுதி உங்களுடையது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கூட்டம் தானாகவே ஆங்கிலத்துக்குப் போய்விடும். அதோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து தரும் இளைஞர்களும் வாய்மூடிவிடுவார்கள். மூன்றில் எதிலும் பேசலாம் என்று தொடக்கத்தில் அறிவித்துவிட்டு, உங்கள் அறிமுகத்தை நீங்கள் தமிழிலும் உங்கள் தோழி மலையாளத்திலும் சொல்லுங்கள். அதன் பிறகு யாருக்கும் தயக்கம் இருக்காது.

வராதவர்கள் விஷயத்துக்கு மருந்து எளிது. இலவசம் என்றால் பெயர் கொடுப்பதில் யாருக்கும் இழப்பில்லை. தேநீருக்கும் சிற்றுண்டிக்குமாக ஒரு நூறு, நூற்றைம்பது ரூபாயைப் பெயர் கொடுக்கும்போதே ஜிபேயில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள். பணத்தைவிட வலியது, முந்தின நாள் நீங்கள் செய்யும் தொலைபேசி அழைப்பு. "உங்களை இன்னாருக்கு அறிமுகப்படுத்த நினைத்திருக்கிறேன்" என்று சொன்ன பிறகும் வராமல் இருப்பது கடினம்.

ஸ்பான்சரைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். சிற்றுண்டிச் செலவை ஏற்கட்டும். நன்றி சொல்லி, பெயர்ப்பலகை வைக்க அனுமதித்து, மற்றவர்களைப் போலவே அவருக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். பயிற்சி நிறுவனங்களும் காப்பீட்டு முகவர்களும் கேட்கப்போவது உண்மையில் மேடையை அல்ல, வந்தவர்களின் தொலைபேசி எண்களை. அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டுவிட்டது என்பது ஒரு பக்கம். உங்கள் கூட்டத்துக்கு வந்ததால் தினமும் விற்பனை அழைப்பு வருகிறது என்று பத்துப் பேர் பேசத் தொடங்கினால், எந்தச் சட்டமும் இல்லாமலே உங்கள் கூட்டம் முடிந்துபோகும் என்பது மறுபக்கம். புகைப்படம் எடுத்து லிங்க்ட்இனில் போடுவதற்கும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள்.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஐ.ஐ.டி. 2015 முதல் இயங்குகிறது. அருகே பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. மாணவர்களை அழைக்கலாமா என்ற கேள்வி விரைவில் வரும். நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். ஒரு பேருந்து நிறைய மாணவர்கள் வந்தால் அறையே வேலைவாய்ப்பு முகாமாக மாறி, பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள். மாறாக, கஞ்சிக்கோட்டில் 1976 முதல் இருக்கும் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை போன்ற இடங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். மின்னணுச் சாதனங்களோடு ஒரு வாழ்நாள் கழித்த அந்த மனிதர்களுக்கு நேரமும் இருக்கும், எல்லையின் இருபுறமும் பழக்கமும் இருக்கும். அவர்களை யாரும் இத்தகைய கூட்டங்களுக்கு அழைப்பதில்லை.

கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள், நீங்கள் சேர்த்துவைத்தவர்களிடம் பேச்சு எதுவரை போயிற்று என்று ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். பெரிய வாட்ஸ்அப் குழு தொடங்கினால் காலை வணக்கப் படங்கள்தான் வரும். அறிவிப்புக்கு மட்டும் ஒன்று வைத்து, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள்.

கோவையில் நடத்தலாம் என்ற நண்பரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சரவணம்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஐந்து பேரை ஒரு காரில் கொழிஞ்சாம்பாறைக்கு அழைத்துவரும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதை வியாழக்கிழமைக்குள் எழுதி வாங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் செய்ய வேண்டிய தொலைபேசி அழைப்புகளுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படும்.