பதில்: இலக்கின் அருகே குறுக்கீட்டுப் பட்டைகள் மறைவது ஏன்?

லேசர் அடித்த அலுமினிய இலக்கிலிருந்து எழும் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயு) இரண்டு ஒளிக்கற்றைகள் சேர்ந்து உண்டாக்கும் ஒளி-இருள் பட்டைகளாகப் படமெடுக்கிறீர்கள்; பட்டைகள் மறைவதால் கேமராவை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். மாற்ற வேண்டாம், காசுதான் வீண். அலுமினியப் பரப்பிலிருந்து 50 மைக்ரான் வரை பட்டைகளே தெரியவில்லை, பிளாஸ்மாவின் ஊடே போகும் ஆய்வுக்கற்றை 532 நானோமீட்டர், துடிப்பு 6 நானோவினாடி என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்த 6 மேல்தான். லேசர் பிளாஸ்மா நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்தால் ஒரு நானோவினாடியில் 100 மைக்ரான் நகர்ந்துவிடும். பட்டைகள் கலங்காமல் என்ன செய்யும்?

பிளாஸ்மாவைத் தொடாமல் வரும் ஒப்பீட்டுக் கற்றையை மறைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். (பிளாஸ்மாவின் சொந்த ஒளியைத் தடுக்க 532க்கான குறும்பட்டை வடிகட்டி அவசியம்.) அந்த இடத்தில் ஒளி இருந்தால் குற்றவாளி துடிப்பின் நீளம், பிக்கோவினாடித் துடிப்புக்குப் போங்கள். இருட்டாகவே இருந்தால் ஒளிவிலகல்: கற்றை வளைந்து லென்ஸுக்கு வெளியே போகிறது.

532க்கு மாறுநிலை அடர்த்தி (இதற்கு மேல் அந்த ஒளி பிளாஸ்மாவுக்குள் போகாது) கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4×10²¹ எலக்ட்ரான்கள். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கை எட்டும் முன்பே பெரும்பாலும் கற்றை தப்பிவிடும். நான்காம் ஹார்மோனிக்கான (லேசரின் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் நான்கு மடங்கு) 266 நானோமீட்டருக்கு மாறினால் வரம்பு நான்கு மடங்காகும். ஆய்வுக்கற்றையின் ஆற்றலைக் கூட்டினால் எதுவும் மாறாது, அலைநீளம்தான் கணக்கு.

திண்ம அடர்த்திக்குள்ளேயே பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ் கதிர்தான் வழி. அமெரிக்காவின் ராச்செஸ்டரிலுள்ள ஒமேகா லேசரில், சூடாக்கிய பெரிலியத்தில் டைட்டானியத்தின் 4.75 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரைச் சிதறவிட்டு வெப்பநிலையை அளந்தார்கள்; 2003இல் வெளியானது. உங்கள் மேசையில் அது நடக்காது. மறைத்து எடுத்த படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.