அடியில் படுத்துக்கொள்ளும் கோய் மீன்கள்: மருந்தா, கல்லுப்பா?

கேள்வி: பெங்களூரு ஹெசரகட்டா பக்கம் சிமென்ட் தொட்டிகளில் கோய் என்ற வண்ண அலங்கார மீன் வளர்க்கிறேன். டிசம்பரில் புது மீன்களை வாங்கி விட்ட 3,000 லிட்டர் தொட்டியில், பத்தே நாளில் மீன்கள் அடியில் சாய்ந்து கிடக்கின்றன. தட்டினால் கொஞ்சம் நீந்திவிட்டு மறுபடி படுத்துக்கொள்கின்றன. கண் குழிந்திருக்கிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போட்டும் சாவு நிற்கவில்லை.

பதில்: முதல் சந்தேகம் கார்ப் எடிமா வைரஸ், கோய் வளர்ப்பவர்கள் தூக்க நோய் என்பது இதைத்தான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை ஒன்றும் செய்யாது. நிறுத்திவிடுங்கள்.

இந்த வைரஸ் முக்கியமாகச் செவுளைத்தான் தாக்கும். செவுள் இழைகளின் மேல்தோல் செல்களுக்குள் புகுந்து பெருகும். செல்கள் வீங்கி, இழைகளின் இடுக்குகள் அடைபடும். செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள், வெளிறித் தடித்துச் சளி படிந்திருக்கும். மூச்சுத் திணறலோடு இது நிற்பதில்லை. ரத்தத்தின் உப்பைக் காப்பதும் அம்மோனியாவை வெளியே தள்ளுவதும் செவுளின் வேலைதான். அது கெட்டால் உப்பு தண்ணீரில் கசிந்துபோகும், அம்மோனியா உடம்பில் தங்கும். மீன் சோர்ந்து படுப்பது அதனால்தான்.

ஆகவே கல்லுப்புப் போடுங்கள், அயோடின் கலக்காதது. 0.5 சதவீதம், அதாவது 1,000 லிட்டருக்கு 5 கிலோ. உங்கள் தொட்டிக்கு 15 கிலோ. கரைத்து, ஐந்தைந்து கிலோவாக ஒரு நாளில் மூன்று தடவை ஊற்றுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஃபில்டரில் அம்மோனியாவை உறிஞ்சும் ஜியோலைட் கல் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் அது பிடித்துவைத்த அம்மோனியாவை விட்டுவிடும். காற்றுக்கல்லைக் கூட்டுங்கள், மீன் எழுந்து நீந்தும் வரை தீனி வேண்டாம். இரண்டு வாரம் இதே அளவு உப்பு இருக்கட்டும். 600 லிட்டர் மாற்றினால் 3 கிலோ மட்டும் சேருங்கள்.

உப்பு வைரஸைக் கொல்லாது; மீனின் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும்வரை உயிரைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். பிழைத்த மீன் நோயைச் சுமக்கலாம். தயவுசெய்து விற்காதீர்கள், வேறு தொட்டியிலும் விடாதீர்கள்.

கோய் ஹெர்பஸ் வைரஸிலும் கண் குழியும், செவுள் அழுகும். ஆனால் அது சிறுநீரகம் வரை பரவும், உப்பு காப்பாற்றாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனைதான். சாகும் தறுவாயிலுள்ள மீனின் செவுளை வெட்டி எத்தனாலில் போட்டு, ஹெசரகட்டாவிலேயே உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் மண்டல மையத்தில் விசாரியுங்கள். செத்த மீன்களைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தொட்டித் தண்ணீரை ஏரிக்கோ ராஜகால்வாய் என்ற மழைநீர் வடிகாலுக்கோ விடாதீர்கள்.

வலை, வாளியை 10 லிட்டர் தண்ணீரில் 7 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவையுங்கள். அடுத்த முறை புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அதனுடன் நோய் வராத தொட்டியிலிருந்து இரண்டு மீனையும் விடுங்கள்; புது மீனிடம் வைரஸ் இருந்தால் அவை நோயுற்றுக் காட்டிக்கொடுக்கும். பிழைத்த மீனுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி வந்திருக்கலாம்; அதை இதற்கு விட்டால், புது மீனிடம் வைரஸ் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.