கரையில ஒரு ஆளுக்காவது தெரியணும்

வாசகர் கடிதம்:

அக்கா, வணக்கம். அடுத்த மாசம் ஒரு வாரம் ஒரு தீவுக்கு தனியா போறேன். கூட வரேன்னு சொன்ன ஃப்ரெண்ட் கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டா, டிக்கெட் ரூம் எல்லாம் போட்டாச்சு, கேன்சல் பண்ண மனசு வரல. "அது ஜோடியா போற இடமாச்சே, தனியா போய் என்ன பண்ணப் போற"ன்னு எல்லாரும் கேட்டு கேட்டு இப்ப எனக்கே பயமா இருக்கு. சாயங்காலம் ஆனா யார்கூட பேசுவேன்னு நெனச்சாலே ஒரு மாதிரி ஆகுது. மத்தபடி பிரச்சனை இல்ல, ஸ்விம்மிங் எல்லாம் நல்லா தெரியும். தப்பு பண்றேனாக்கா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி, தப்பே இல்ல, போயிட்டு வாங்க. சாயங்காலத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன். கடைசியில ஸ்விம்மிங் நல்லா தெரியும்னு ஒரே வரியில சொல்லிட்டு போயிட்டீங்க பாருங்க, எனக்கு அங்கதான் பக்குனு ஆச்சு, ஏன்னா நானும் அதே தைரியத்துலதான் ஒரு தடவை தனியா கடல்ல இறங்கினேன்.

ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு நுரையா இருந்துச்சு, நடுவுல ஒரு இடம் மட்டும் அலையே இல்லாம கருநீலமா அமைதியா கெடந்துச்சு, இதுதான் சேஃப்னு அங்க போய் இறங்கிட்டேன். அதுதான் ரிப் கரன்ட். அலை கரைக்கு கொண்டு வந்து கொட்ற தண்ணி திரும்பிப் போகணும்ல, அது ஆழமான ஒரு சந்து வழியா மொத்தமா கடலுக்குள்ள ஓடுது, அங்க ஆழம் இருக்கறதாலதான் அலை உடையாம நமக்கு அமைதியா தெரியுது. வேகமா ஓடும்போது செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேல போகும், ஒலிம்பிக்ல நீந்தறவங்களாலயே எதிர்த்து வர முடியாது, நான் எங்க. கரையைப் பாத்து அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போச்சு. கரையில நடந்து போன ஒருத்தர் பாத்துட்டு பக்கவாட்டுல வா, பக்கவாட்டுலன்னு கையைக் காட்டிக்கிட்டே ஓடி வந்தார். கரைக்கு இணையா கொஞ்ச தூரம் போனதும் இழுவை விட்டுடுச்சு. அது ஆளை அடியில இழுக்காது, வெளியதான் கொண்டு போகும், அதனால பதறாம மிதந்தாலே பாதி பொழச்ச மாதிரி. ஆனா அன்னைக்கு அந்த மனுஷர் அந்தப் பக்கம் வரலேன்னா?

தனியா போறதுல எனக்கு தெரிஞ்ச உண்மையான ஆபத்து இதுதான், நாம தண்ணிக்குள்ள போனதே யாருக்கும் தெரியாது. அதனால தினமும் கிளம்பும்போது தங்கற இடத்துல ஒருத்தர்கிட்ட இந்த பீச்சுக்கு போறேன், இத்தனை மணிக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டு போங்க, திரும்பினதும் வந்துட்டேன்னு சொல்லுங்க. ஸ்நார்க்லிங்னா, அதான் மூச்சுக்குழாய் மாட்டிக்கிட்டு மேலாப்புல மிதந்து தண்ணிக்குள்ள பாக்கறது, கண்டிப்பா குரூப்போட மட்டும்தான்.

ஸ்நார்க்லிங்ல இன்னொன்னு, குப்புற மிதந்துக்கிட்டு மீனையே பாத்துட்டு இருப்போம், முதுகு முழுக்க வெயில்ல வெந்து போகும், தனியா போறவங்களுக்கு முதுகுல சன்ஸ்கிரீன் தடவி விட ஆளும் இல்ல. முழுக்கை வெச்ச ஸ்விம் டீஷர்ட் ஒண்ணு வாங்கிக்கோங்க. பவளப்பாறைக்கும் அதுதான் நல்லது, சில கெமிக்கல் இருக்கற சன்ஸ்கிரீனை விக்கவே பலாவ்ங்கற பசிபிக் தீவு நாட்டுல 2020லயும் ஹவாய்ல 2021லயும் தடை பண்ணிட்டாங்க. காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டு ஆழத்துக்குப் போற ஸ்கூபா டைவிங் பண்றதா இருந்தா கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது விடுங்க, மறந்துடாதீங்க.

இப்ப சாயங்காலம். பூமத்திய ரேகை பக்கத்துல சூரியன் சரிஞ்சு சரிஞ்சு போகாது, நேரா இறங்கிடும், மறைஞ்ச 20-25 நிமிஷத்துல இருட்டிடும். மொத நாள் அந்த அரைமணி நேரம் கஷ்டமாதான் இருக்கும், சுத்தியும் ஜோடி ஜோடியா உக்காந்திருப்பாங்க, நமக்கு ஏன் வந்தோம்னு தோணும், நான் தனியா போனப்ப எனக்கு அழுகையே வந்துச்சு. ரெண்டாவது நாளும் கொஞ்சம் இருந்துச்சு. அந்த நேரத்துல ரூமுக்குள்ள போய் கதவை சாத்திக்கிட்டு ஃபோனை எடுத்துடாதீங்க தங்கச்சி, அது இன்னும் மோசமாக்கும். ஆள் நடமாட்டம் இருக்கற இடமா பாத்து வெளிய உக்காருங்க, பேசணும்னு இல்ல. பேச்சு தானா வரும், தனியா இருக்கறவங்ககிட்டதான் ஜனங்க வந்து பேசுவாங்க.

காலையில தண்ணி வத்தற நேரம் எப்பன்னு கேட்டு வெச்சுக்கிட்டு அப்ப கரைக்கு போங்க. நான் மூணாவது நாள், காலி சங்குக்குள்ள குடியிருக்குமே, அந்த துறவி நண்டுங்களைப் பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம் குத்த வெச்சு உக்காந்திருந்தேன், யாராவது கூட வந்திருந்தா பத்து நிமிஷத்துல வா போலாம்னு இழுத்திருப்பாங்க. அதுங்க உடம்பு பெருசாக பெருசாக பெரிய சங்கா தேடி மாறணும், சில சமயம் பெருசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா நின்னு ஒண்ணு விட்ட சங்குக்குள்ள அடுத்தது பூந்துக்கும். அதனால எவ்ளோ அழகா இருந்தாலும் காலி சங்கு எதையும் பையில போட்டுக்காதீங்க, அங்கயே விட்டுட்டு வாங்க.