வருகைக்குக் குறித்த தேதியும் கோத்தகிரித் தேயிலை நிலமும்

அன்புள்ள சகோதரருக்கு ஸ்தோத்திரம். இவ்வாண்டு முடிவதற்குள் இரகசிய வருகை, அதாவது விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து மறைவாக வருவது, நிகழும் என்று ஒரு பிரசங்கியார் சொன்னதை நம்பி, கோத்தகிரியில் உங்கள் தாயார் தேயிலையைக் கவாத்து செய்யாமல் விட்டு, நிலத்தையே விற்க முனைவதாக எழுதியிருந்தீர்கள்.

அவருடைய விசுவாசத்தோடு வாதிடாதீர்கள், அது மெய்யானது. அவருடைய வேதாகமத்திலேயே மத்தேயு 24:36-ஐத் திறந்து, அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்பதை அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:17 விசுவாசிகள் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்கிறது; தேதி எதையும் சொல்லவில்லை. உபத்திரவம் என்னும் கடைசிக்காலக் கொடுந்துன்பத்திற்கு முன் தனியாக ஒரு வருகை உண்டு என்னும் விளக்கம் 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்னும் பிரசங்கியாரால் பரவியது. எல்லாத் திருச்சபைகளும் அதை ஏற்பதில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஆம் தேதி கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தபோது, சிலர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வயலிலேயே விட்டுவைத்தார்கள். அந்த நாள் வழக்கம்போல் விடிந்தது.

வருகையை எதிர்பார்த்திருந்த அதே தெசலோனிக்கே சபையாருக்குத்தான், அமைதலோடு வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி பவுல் இரண்டாம் நிருபத்தில் கட்டளையிட்டார். கவாத்துக் கத்தியை நீங்களே எடுத்து முதல் வரிசையைத் தொடங்குங்கள். அம்மா பின்னால் வரக்கூடும். கிரயப் பத்திரத்தில் மட்டும் இப்போது கையெழுத்திட விடாதீர்கள்.