பெட்டிக்குள் ஒரு யூனிட் கரண்ட்

கேள்வி: பள்ளிக்கரணையில் வாடகை ஃபிளாட், இரண்டாவது மாடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று நாள் கரண்ட் இல்லாமல் தவித்தோம். இன்வெர்ட்டருக்கு வயரிங் செய்ய ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. 1,000 வாட்-அவர் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரியும் பிளக் பாயின்டும் உள்ள, கையில் தூக்கிப் போகிற பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறோம். ஃபிரிட்ஜ், ஃபேன், வைஃபை எல்லாம் ஓடுமா? வருஷத்துக்கு இரண்டு முறை வால்பாறை, கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்குவோம், அதற்கும் ஆகும் அல்லவா? மாமனாருக்கு ராத்திரி மூச்சு தடைபடாமல் தூங்க, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதல் வரியாக வைத்துக் கணக்குப் போடுவோம்.

1,000 வாட்-அவர் என்றதும் மிரள வேண்டாம். ஈபி பில்லில் வருகிறதே, அந்த ஒரு யூனிட்தான் அது. அதுவும் முழுசாகக் கைக்கு வராது. பேட்டரியில் இருக்கும் டிசி கரண்டை, வீட்டுச் சாமான்கள் ஓடும் 230 வோல்ட் ஏசி கரண்டாக மாற்றும்போதே 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். 850 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிபாப் மெஷின், ஈரப்பதம் தரும் ஹீட்டரை அணைத்துவிட்டால், பெரும்பாலும் 30 முதல் 40 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 300 வாட்-அவர் போல ஆகும். ஹீட்டரைப் போட்டால் கணக்கு எகிறிவிடும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அணையுங்கள். ஆக, இந்தப் பெட்டி மாமனாரை இரண்டு ராத்திரி தாராளமாகத் தாங்கும், மூன்றாவது இழுபறி. பல மெஷின்களுக்கு டிசி கேபிள் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கினால் ஏசியாக மாற்றும் நஷ்டம் மிச்சம், மூன்றாவது ராத்திரியும் கிட்டத்தட்ட ஓடிவிடும்.

இப்போது ஃபிரிட்ஜ். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் சாப்பிடுகிற சாமான் அது. அதை மாட்டினால் மறுநாள் காலையில் பெட்டி காலி. புயல் எச்சரிக்கை வந்ததுமே ஃபிரீசரில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி உறைய வையுங்கள், கதவை அடிக்கடி திறக்காதீர்கள். பாலும் மாவும் போனால் போகட்டும்.

ஃபேன் விஷயத்தில்தான் நிறைய பேர் வாங்கிய பிறகு முழிக்கிறார்கள். சீலிங் ஃபேனுக்கு பிளக் கிடையாது, அது சுவிட்ச் போர்டோடு வயரிங்கில் இருக்கிறது. பெட்டியிலிருந்து டேபிள் ஃபேனோ பெடஸ்டல் ஃபேனோதான் ஓட்ட முடியும். சாதாரண டேபிள் ஃபேன் 50 வாட் போல, பிஎல்டிசி மோட்டார் வைத்தது 30 வாட் போல இழுக்கும். சிலர் இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைத் தயார் செய்து, பெட்டியிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குள் கரண்டைத் திருப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கையில் இருக்கும் முனையிலேயே 230 வோல்ட் நிற்கும். மெயினை அணைக்க மறந்தால் அது தெருக் கம்பிக்கும் போகும், அங்கே லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

வைஃபை ரவுட்டர் 10 வாட்தான், தாராளமாக ஓட்டலாம். ஆனால் அபார்ட்மென்ட் கீழே இருக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் கரண்ட் வேண்டுமே, அதையும் விசாரியுங்கள். ரைஸ் குக்கர் 700 வாட். அரை மணி நேரம் வைத்தால் 350 வாட்-அவர். ஒரு தடவை சோறு ஆக்குகிற கரண்டில் மாமனார் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கிவிடுவார். கேஸ் அடுப்பு இருக்கிறதே, அப்புறம் எதற்கு? மிக்ஸி மாதிரி மோட்டார் சாமான்கள் கிளம்பும்போது எழுதியிருக்கும் வாட்டை விடப் பல மடங்கு கேட்கும். அதனால் பெட்டி எத்தனை வாட் தரும், ஒரு நொடிக்கு எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருக்கட்டும். எடை கொஞ்சம் கூடும், ஆனால் 2,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், மற்ற லித்தியம் வகைகளை விடத் தீப்பிடிக்கும் பயமும் குறைவு. ‘பியூர் சைன் வேவ்’ என்று போட்டிருக்க வேண்டும், அதாவது ஈபி கரண்ட் மாதிரியே சீரான அலையாக ஏசி வரும், சிபாப்புக்கு அது முக்கியம்.

சோலார் பேனல் சேர்த்து வாங்கு என்பார்கள். 100 வாட் பேனல் நல்ல வெயிலிலேயே 60, 70 தான் தரும். புயல் நாளில் வெயிலுக்கு எங்கே போவது? காரின் சாக்கெட்டில் ஏற்றலாம், சுமார் 100 வாட் வரும், முழுசாக ஏற்ற பத்து மணி நேரம் இன்ஜின் ஓட வேண்டும். ஆகவே வானிலை மையம் ஆரஞ்சு அலர்ட் கொடுத்த அன்றே சுவர் சாக்கெட்டில் போட்டு 100 சதவீதம் ஆக்கிவிடுங்கள். மற்ற நாட்களில் பாதிக்குச் சற்று மேலே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கூடாரத்துக்கு, சிபாப் இல்லையென்றால், 300 வாட்-அவரே போதும்: நாலு போன், இரண்டு விளக்கு, ஒரு சின்ன ஃபேன். மாமனாரும் வருகிறார் என்றால் 1,000 சரி. ஒரு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டேன். கொடைக்கானலில் ஒரு ராத்திரி என் 500 வாட்-அவர் பெட்டியின் ஏசி கரண்ட் தரும் பட்டனை அணைக்காமல் படுத்துவிட்டேன். எதையும் மாட்டவில்லை. தூங்கும்போது 100 காட்டிய திரை காலையில் 84 காட்டியது. உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 10 வாட் போல சாப்பிடுகிறது. வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சொந்த வீடாக இருந்து, வெளியே தூக்கிப் போகும் தேவையும் இல்லாவிட்டால், நான் இதைப் பரிந்துரைத்திருக்கவே மாட்டேன். டியூப்லர் பேட்டரியோடு சாதாரண இன்வெர்ட்டர் அதே கரண்டை மிகக் குறைந்த செலவில் தரும், சீலிங் ஃபேனும் சுற்றும். உங்கள் வீட்டு நிலைமைக்கு வாங்குங்கள்.

கேள்வி: 80,000 எம்ஏஹெச் பெட்டி ஒன்றைக் கடையில் காட்டினார்கள். ‘வீட்டில் இருக்கும் 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதிக்கு மேல் வரும்’ என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பாதி இல்லை, ஆறில் ஒரு பங்கு. ஏஹெச் எண்ணை வோல்டேஜால் பெருக்கினால்தான் கணக்கு வரும். உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட்: 150 பெருக்கல் 12, அதாவது 1,800 வாட்-அவர். அந்தப் பெட்டியின் எம்ஏஹெச் ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் எழுதப்படுவது: 80,000 எம்ஏஹெச் என்றால் 80 ஏஹெச், 80 பெருக்கல் 3.7, வெறும் 296 வாட்-அவர். வாட்-அவர் எண்ணைப் பெட்டியின் மேல் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பவர் ஸ்டேஷன் தள்ளுபடியில் கிடைக்கிறது, மகன் வரும்போது கொண்டுவரட்டுமா?

பதில்: முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாட்-அவர் வரை கையோடு எடுத்துப் போகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் அனுமதியே இல்லை. வந்தாலும் அங்கே 120 வோல்ட், இங்கே 230.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய 500 வாட்-அவர் பெட்டி. டிவி மூன்று மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ‘ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது’ என்கிறார் விற்றவர்.

பதில்: டிவியை வைத்து அளக்க முடியாது, காட்சிக்குக் காட்சி அதன் வாட் மாறும். கோழிக்குஞ்சுகளுக்கு வெதுவெதுப்புக்கு வைப்பார்களே, அந்த 100 வாட் குண்டு பல்பு ஒன்று வாங்குங்கள். பெட்டியை முழுசாக ஏற்றி, பல்பை மாட்டி, நேரம் பாருங்கள். நாலு மணி நேரத்தைத் தாண்டினால் பெட்டி சரி. மூன்று மணி நேரத்திலேயே அணைந்தால் சொன்ன அளவு அதில் இல்லை. ரிட்டர்ன் தேதி என்பது மனசு மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு, குறைபாடுள்ள பொருளுக்கு அது சாக்கு ஆகாது. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பில்லையும் 500 என்று அச்சடித்த அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். பல்பு சோதனையை வீடியோ எடுக்கும்போது பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கட்டும்.